லூயி கானின் காகிதக் குவியலில் ஒரு கட்டிடத்தைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் லூயி கானின் (1901–1974) அலுவலகக் காகிதங்கள் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கட்டிடக்கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அகமதாபாத் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்), டாக்கா நாடாளுமன்றம், கலிபோர்னியாவின் சால்க் ஆய்வுக்கூடம் என எதைப் பற்றி ஆய்வேடு எழுத வந்தாலும் புதியவர்கள் முதலில் கேட்பது கானின் கைவரைவுகளைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

கானின் கைவரைவுகளில் பலவற்றில் தேதி இருக்காது. ஒரே கட்டிடத்துக்கு நான்கைந்து மாற்று வடிவமைப்புகள் இருக்கும். தேதி தெரியாமல் அவற்றை அடுக்கினால், எளிய வடிவம் முதலில், சிக்கலானது பிறகு என்று நம் கண்ணே ஒரு வரிசையைக் கற்பித்துக்கொள்ளும். கான் பல தடவை அதற்கு நேர்மாறாகப் போனவர். எனவே தேதியைக் கடிதத்தில் எடுங்கள், அதன் பிறகு வரைபடத்தைத் திறங்கள். கீழே உள்ள படிகளெல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றத்தான்.

1. புறப்படும் முன்: ஒரு கேள்வி, ஒரு கட்டிடம்

"கானின் ஒளி" என்ற தலைப்போடு போனால் எந்தப் பெட்டியைக் கேட்பது என்றே தெரியாது. "ஐஐஎம் விடுதிச் சுவர்களின் செங்கல் வளைவில் கான்கிரீட் இழுவிட்டம் (வளைவின் இரு முனைகளையும் இழுத்துப் பிடிக்கும் விட்டம்) எந்தக் கட்டத்தில் வந்தது?" என்று கேள்வி இருந்தால் தேட வேண்டிய ஆண்டு, ஆள், வரைபட வகை மூன்றும் தானாகவே தெரிந்துவிடும்.

தொகுப்பில் கான் கைப்பட வரைந்தவை 6,000க்கும் மேல். அலுவலகத்தில் மற்றவர்கள் வரைந்தவை சுமார் 36,000. கடிதங்களும் மாதிரிகளும் இவற்றுக்கு வெளியே. ஒரு கட்டிடத்துக்குள் நிற்காவிட்டால் மூழ்கிப்போவீர்கள்.

கானின் கைவரைவுகள் 1987இல் 7 தொகுதிகளாக அச்சாகியுள்ளன. பெரிய கட்டிடக்கலைக் கல்லூரி நூலகங்களில் விசாரித்துப் பாருங்கள். ஊரில் இருந்தபடியே உங்கள் கட்டிடத்துக்குரிய பக்கங்களைப் புரட்டி, எண்களைக் குறித்துக்கொண்டு போனால் காப்பகத்தில் பாதி நேரம் மிஞ்சும். அலுவலக வரைபடங்கள் அந்தத் தொகுதிகளில் இல்லை. அச்சில் இருப்பதே முழுமை என்று நம்பிவிடாதீர்கள்.

2. கானின் பணிவாழ்வைக் காலவரிசையில் எழுதுங்கள்

ஒரு தாளில் ஆண்டுகளைக் குறுக்கே போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோடு இழுங்கள். யேல் கலைக்கூடம் 1951–53. டிரென்டன் குளியலறைக் கட்டிடம் 1955. ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக் கட்டிடம் 1957இல் தொடக்கம். சால்க் 1959–65. ராசெஸ்டர் யூனிட்டேரியன் தேவாலயம் 1959இல் தொடக்கம். பிரின் மார் கல்லூரி விடுதி 1960–65. ஐஐஎம், டாக்கா இரண்டும் 1962 முதல். எக்ஸிடர் நூலகம் 1965–72. கிம்பெல் அருங்காட்சியகம் 1966–72. யேல் பிரிட்டிஷ் கலை மையம் 1969இல் தொடங்கி, அவர் இறந்த பின் 1977இல் முடிந்தது.

கோடுகளை இழுத்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். 1962–65க்குள் சால்க், ஐஐஎம், டாக்கா, பிரின் மார் நான்கும் ஒரே அலுவலகத்தில் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. ஒரு கட்டிடத்தில் தோன்றிய யோசனை இன்னொன்றின் தாளில் எட்டிப் பார்க்கும். ஐஐஎம் கோப்பை மட்டும் படித்தவர், டாக்காவில் ஏற்கெனவே வந்துவிட்ட தீர்வை "அகமதாபாத்தில் பிறந்தது" என்று எழுதிவிடுவார்.

கட்டப்படாதவற்றையும் கோட்டில் சேருங்கள். பிலடெல்பியா மிக்வே இஸ்ரேல் தொழுகைக்கூடம், எருசலேம் ஹுர்வா தொழுகைக்கூடம், வெனிஸ் மாநாட்டு மண்டபம் மூன்றும் தாளோடு நின்றவை. சால்கில் ஆய்வுக்கூடம் கட்டப்பட்டது, கூட்ட அரங்கத் தொகுதி கட்டப்படவில்லை. ஆய்வுக்கூடத்துக்கே முதலில் வேறு வடிவமைப்புகள் இருந்தன: தொடக்கத்தில் கோபுரங்கள், பிறகு இரண்டு முற்றங்களோடு நான்கு கட்டிடங்கள், கடைசியாக ஒரே முற்றத்தின் இரு பக்கமும் இரண்டு கட்டிடங்கள். இது தெரியாமல் நான்கு கட்டிட பிளானைப் பார்த்து "பின்னாளைய விரிவாக்கத் திட்டம்" என்று குறித்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை.

3. பெயர்ப் பட்டியல்: அன்றைய எழுத்துக்கூட்டலில் தேடுங்கள்

காகிதங்கள் அவை எழுதப்பட்ட காலத்தின் பெயரைத்தான் தாங்கி நிற்கும். டாக்காவின் ஆங்கில எழுத்துக்கூட்டல் 1982இல் மாறியது. கானின் கோப்புகளில் இருப்பது பழையது. அதே திட்டம் "பாகிஸ்தானின் இரண்டாம் தலைநகர்" என்றும், பின்னர் "ஷேர்-எ-பங்களா நகர்" என்றும் வரும். வேலையைக் கொடுத்தது பாகிஸ்தான் பொதுப்பணித் துறை என்பதால், "பங்களாதேஷ்" என்று மட்டும் தேடினால் 1971க்கு முந்தைய கோப்புகள் கையில் சிக்காது.

டிரென்டன் குளியலறை "யூத சமூக மையம்" என்ற பெயருக்குள் இருக்கும். ஐஐஎம் கடிதங்களில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அகமதாபாத்தில் வேலை அதன் வழியாகத்தான் நடந்தது.

ஆட்களின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஐஐஎம்முக்கு கட்டிடக் கலைஞர் பால்கிருஷ்ண தோஷி, விஞ்ஞானி விக்ரம் சாராபாய், தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாய், பிறகு பிலடெல்பியாவில் வேலை பார்த்துவிட்டு அகமதாபாத் திரும்பிய கட்டிடக் கலைஞர் அனந்த் ராஜே. டாக்காவுக்கு அங்குள்ள கட்டிடக் கலைஞர் மஸ்ஹருல் இஸ்லாம். கிம்பெலுக்கு இயக்குநர் ரிச்சர்ட் பிரவுன், பொறியாளர் ஆகஸ்ட் கொமென்டன்ட். 1940களின் பிற்பகுதி முதல் 1960களின் தொடக்கம் வரையிலான வேலைகளுக்கு கானின் அலுவலகத்தில் பணிபுரிந்த கட்டிடக் கலைஞர் ஆன் டிங். திட்டத்தின் பெயரில் கிடைக்காத கடிதம் ஆள் பெயரில் கிடைக்கும்.

4. தொகுப்பின் அமைப்பு

கானின் மறைவுக்குப் பிறகு பென்சில்வேனியா மாநிலம் இந்தக் காகிதங்களை விலைக்கு வாங்கியது. உரிமை மாநில வரலாற்று, அருங்காட்சியக ஆணையத்திடம். நிரந்தர இருப்பிடம் பல்கலைக்கழகம். தொகுப்பு எண் 030. வாசிப்பறை ஃபிஷர் நுண்கலை நூலகக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது.

முன்பதிவுக் கடிதத்தில் நான்கு விஷயங்கள் போதும்: கட்டிடம், ஆண்டு வரம்பு, வேண்டிய வகை (கடிதம், கைவரைவு, அலுவலக வரைபடம், மாதிரிப் புகைப்படம்), வரும் நாட்கள். "எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் காப்பாளரால் உதவ முடியாது. பெரிய தாள்களை எடுத்து வைக்கவே நேரமும் மேசையும் ஆளும் வேண்டும்.

5. முதல் வேலை: கடிதக் கோப்புகள்

வாசிப்பறையில் முதலில் கேட்க வேண்டியது கடிதப் பெட்டிகளை. வரைபடம் பார்க்கக் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் வந்த கடிதம் அசலாகவும், போன கடிதம் கார்பன் நகலாகவும் இருக்கும். கார்பன் நகலில் கையெழுத்து இருக்காது, அதனால் அது அனுப்பப்படாத வரைவு என்று முடிவு கட்டாதீர்கள். அனுப்பப்பட்டதா என்பதை எதிர்த்தரப்பின் பதிலில்தான் உறுதிசெய்ய முடியும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பிலடெல்பியாவில் 3/4/63 என்றால் மார்ச் 4. அகமதாபாத்திலிருந்து வந்த கடிதத்தில் அதே எண்கள் ஏப்ரல் 3. இரு பக்கக் கடிதங்களும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். இதைக் கவனிக்காதவர் பதிலைக் கேள்விக்கு முன்னால் வைத்துவிடுவார். குறிப்பெடுக்கும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: 4 மார்ச் 1963. பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் அனுப்பியவரின் வழக்கம் பிடிபடும்.

கடிதங்களிலிருந்து எடுக்க வேண்டியவை இவை: கானின் பயணத் தேதிகள், "இத்துடன் அனுப்பியுள்ளோம்" என்ற வரியில் வரும் வரைபட எண்கள், பணம் கேட்டு அனுப்பிய பில்கள், தந்திகள். இவற்றில் பயணத் தேதிதான் பொன். வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் முன் அலுவலகம் காட்சிக்கான வரைபடங்களை முடித்தாக வேண்டும். கான் முதன்முதலாக அகமதாபாத் வந்தது 1962 நவம்பரில். அந்த மாதத்தைச் சுற்றிய தாள்களைத் தனிக் கொத்தாக நினைத்துப் பார்த்தால் முதல் வடிவமைப்பு எது என்ற குழப்பம் பெரிதும் குறையும்.

பில்களை ஒதுக்காதீர்கள். கட்டணம் வடிவமைப்பின் கட்டங்களுக்கேற்பக் கேட்கப்பட்டது. "அடிப்படை வடிவமைப்பு முடிந்தது" என்று, அழகைப் பற்றிப் பேசும் கடிதம் சொல்லாததை பில் சொல்லிவிடும்.

6. அடுத்து: அலுவலக வரைபடங்களின் டைட்டில் பிளாக்

கடிதத் தேதிகள் வரிசையான பிறகு, கைவரைவுகளுக்கு முன்னால் அலுவலக வரைபடங்களைப் பாருங்கள். இவற்றின் டைட்டில் பிளாக்கில், அதாவது தாளின் விவரக் கட்டத்தில், தேதியும் எண்ணும் இருக்கும். தேதியற்ற கைவரைவுகளைக் கட்டி நிறுத்த இவைதான் கம்பங்கள்.

தேதி கிழிந்தோ மங்கியோ இருந்தால் அலுவலகத்தின் பெயரும் முகவரியும் உதவும். கட்டிடக் கலைஞர் ஜார்ஜ் ஹோவுடன் கானின் கூட்டு 1941இல் தொடங்கியது. பிறகு ஆஸ்கர் ஸ்டோனரோவ் சேர்ந்தார். ஸ்டோனரோவும் கானும் மட்டும் இருந்த கூட்டு 1947இல் முடிந்தது. எனவே ஸ்டோனரோவ், கான் என்ற இரண்டு பெயர் உள்ள தாள் 1947க்குப் பிந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு. முகவரி தெற்கு 20வது தெரு என்றால் 1950கள் முதல் 1962 வரை. 1501 வால்நட் தெரு என்றால் 1962க்குப் பின்.

திருத்தப் பெட்டியை (பின்னால் செய்த மாற்றங்களைத் தேதியோடு பட்டியலிடும் கட்டத்தை) கட்டாயம் படியுங்கள். முதல் தேதி தாள் பிறந்த நாள். நீங்கள் பார்க்கும் கோடுகள் கடைசித் திருத்தத் தேதிக்கு உரியவை. முதல் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு, பின்னால் சேர்க்கப்பட்ட படிக்கட்டை இரண்டு ஆண்டு முன்தள்ளி எழுதிய ஆய்வேடுகள் உண்டு.

7. அசலா, பிரதியா: காகிதத்தை அடையாளம் காணுதல்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

டிரேசிங் தாளில் பென்சிலாலோ மையாலோ வரைந்த அசலை அலுவலகம் தூக்கிப் போடாது. அதையே சுரண்டி, அழித்து, மறுபடி வரைந்துகொண்டே இருக்கும். ஆக அசல் காட்டுவது வடிவமைப்பின் கடைசி நிலையை. அதிலிருந்து நடுவில் எடுத்த பிரதிதான் பழைய நிலையை அப்படியே உறைய வைத்திருக்கிறது. "அசல் இருக்கும்போது பிரதி எதற்கு?" என்று பிரதிகளைத் தவிர்ப்பவர் வடிவமைப்பின் வளர்ச்சியையே தவிர்த்துவிடுகிறார்.

பிரதிகளை இப்படிப் பிரித்தறியலாம். நீலத் தரையில் வெள்ளைக் கோடு என்றால் புளூபிரின்ட். வெளிர்த் தரையில் நீலம், கறுப்பு அல்லது பழுப்புக் கோடு என்றால் டயஸோ பிரதி. லேசான அமோனியா வாடையும் ஓரங்களில் மஞ்சளேறிய தரையும் அதைக் காட்டிக்கொடுக்கும். டயஸோ வெளிச்சத்தில் மங்கும். பார்த்து முடித்ததும் உறைக்குள் வையுங்கள், மேசையில் விரித்தபடி சாப்பிடப் போகாதீர்கள்.

ஒளி ஊடுருவும் பழுப்புத் தாள் செபியா. அது பிரதியாகவும் அசலாகவும் ஒரே சமயத்தில் இருக்கும்: அச்சான கோடுகளின் மேலேயே புதிதாகப் பென்சிலில் வரைந்து அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். தாளைச் சற்றுச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பென்சில் மினுங்கும், அச்சுக்கோடு மினுங்காது. இரண்டையும் இரண்டு தேதியாகக் குறியுங்கள்.

மெல்லிய மஞ்சள் டிரேசிங் தாளில் கரியாலும் மெத்தென்ற பென்சிலாலும் போட்டவையே கானின் கைவரைவுகளில் அதிகம் தென்படுபவை. இந்தத் தாள் காய்ந்த சருகு போல நொறுங்கும். கரி ஒட்டாமல் தாளின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. விரலோ, சட்டைக் கையோ, இன்னொரு தாளோ மேலே உரசக் கூடாது. பெரிய தாளை இரண்டு பேர் நான்கு மூலையிலும் தாங்கிப் புரட்ட வேண்டும்.

8. யார் கை?

கான் ஒருவரே வரைந்ததும் அலுவலகத்தார் வரைந்ததும் தவிர, மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது: அலுவலகத்தார் வரைந்த பிளானின் மேல் கான் கரியால் அடித்துத் திருத்தியது. ஆய்வுக்கு இதுவே மிகச் செழிப்பான வகை. யோசனை மாறுகிற கணம் அதில் பதிந்திருக்கிறது. பட்டியலில் இது ஒரே பெயரில் வரலாம். உங்கள் குறிப்பில் "கீழே அலுவலகம், மேலே கான்" என்று இரண்டையும் எழுதுங்கள்.

கோடு அழகாக இருப்பதால் மட்டும் கானுடையது என்று சொல்லிவிடக் கூடாது. தாளில் உள்ள எழுத்தை, அவர் கையெழுத்திட்ட கடிதத்தின் எழுத்தோடு ஒப்பிடுங்கள். உறுதியில்லை என்றால் "கானின் அலுவலகம்" என்று எழுதுவது நேர்மை.

9. அளவுகோல்

கானின் அலுவலகம் அடி-அங்குலத்தில் வேலை பார்த்தது. கால் அங்குலம் ஓர் அடி என்றால் 1:48. அரைக்கால் அங்குலம் ஓர் அடி என்றால் 1:96. அதில் பாதி, அதாவது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் என்றால் 1:192. இந்தியாவில் படித்தவர்களுக்கு 1:100 கையில் ஊறியது, 1:96ஐ 1:100 ஆக எடுத்துக்கொள்வார்கள். 10 மீட்டர் சுவர் 10.42 மீட்டர் ஆகிவிடும். ஓர் அறையில் பெரிதாகத் தெரியாது. விடுதிகளின் முழு வரிசையில் ஒரு தூணே கூடிவிடும்.

தாளில் அளவுகோல் வைத்து அளப்பதைவிட எழுதிய எண்ணை நம்புங்கள். டிரேசிங் தாள் ஈரப்பதத்தில் நீளும், சுருங்கும். பிரதி எடுக்கும்போதும் அளவு சற்று மாறும். கிம்பெலின் ஒவ்வொரு வளைகூரையும் 100 அடிக்கு 23 அடி என்பது போன்ற ஏற்கெனவே தெரிந்த அளவு ஒன்றை வைத்துத் தாளைச் சரிபார்த்துக்கொண்டு மேலே போங்கள்.

10. படம் எடுத்தல்

அனுமதி பெற்ற பிறகு, பிளாஷ் இல்லாமல், ஒவ்வொரு பொருளுக்கும் இந்த வரிசையில் எடுங்கள்: பெட்டிச் சீட்டு, கோப்புச் சீட்டு, முழுத் தாள் (ஓரங்கள் தெரிய, பக்கத்தில் அளவுகோல்), டைட்டில் பிளாக், வேண்டிய நுணுக்கங்கள், கடைசியாகப் பின்பக்கம். பின்பக்கத்தை விட்டுவிடுபவர்கள் அதிகம். அனுப்பிய தேதி முத்திரையும் யாரோ குறித்த தொலைபேசி எண்ணும் அங்கேதான் கிடக்கும்.

சீட்டுப் படம் முதலில் வந்தால் அடுத்த சீட்டு வரும் வரை உள்ள படங்களெல்லாம் அந்தக் கோப்புக்கு உரியவை என்பது தெளிவு. இதைச் செய்யாதவர் ஊர் திரும்பியதும் எண்ணற்ற படங்களோடு தவிப்பார். அன்றைய படங்களுக்கு அன்றிரவே பெயரிடுங்கள்.

குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்பு மட்டும். கோப்புக்குள் தாள்கள் இருந்த வரிசையைக் கலைக்காதீர்கள், அந்த வரிசையே ஒரு சான்று.

11. மறுபாதிக் காகிதங்கள்

பிலடெல்பியாவில் இருப்பது கான் தரப்பு மட்டுமே. ஐஐஎம் அகமதாபாத், சால்க் நிறுவனம், கிம்பெல், எக்ஸிடர் பள்ளி, யேல் ஆகியவற்றின் சொந்த ஆவணங்களில் வாடிக்கையாளர் தரப்பு இருக்கும். தளத்தில் எடுத்த முடிவுகள், செங்கல் தரம் பற்றிய தகராறு, ஒப்பந்தக்காரர் கணக்கு போன்றவை உள்ளூரில்தான் கிடைக்க வாய்ப்பு. ஆன் டிங், கொமென்டன்ட் இருவரின் தொகுப்புகளும் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் காப்பகத்திலேயே இருப்பதால் அதே பயணத்தில் பார்த்துவிடலாம்.

கான் 1974 மார்ச் 17 அன்று அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க்கில் இறந்தார். அதன் பிறகு டாக்கா வேலையை டேவிட் விஸ்டம் குழுவும், யேல் மையத்தைப் பெலக்கியா, மேயர்ஸ் அலுவலகமும் முடித்தன. 1974க்குப் பிந்தைய எந்தத் தாளையும் "கானின் முடிவு" என்று எழுதும் முன் அது யார் காலத்துத் திருத்தம் என்று பாருங்கள்.

12. வெளியிட அனுமதி

படிக்க அனுமதி வேறு, அச்சிட அனுமதி வேறு. படத்தின் கீழே பல்கலைக்கழகம், மாநில ஆணையம் இரண்டின் பெயரும் வர வேண்டும். ஒன்றை விடுவது பரவலான பிழை. கட்டிடப் புகைப்படத்தின் உரிமை பெரும்பாலும் புகைப்படக்காரரிடம் இருக்கும், கடிதத்தின் உரிமை எழுதியவரிடமோ வாரிசுகளிடமோ இருக்கும். இவற்றுக்குத் தனித்தனியே எழுதிக் கேட்க வேண்டும். பதில் வர வாரங்கள் ஆகும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாதத்தில் கேட்காமல், படங்களைத் தேர்ந்தெடுத்த அன்றே ஒவ்வொரு படத்தின் முழு எண்ணையும் குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள்.